கேக்யோங் அம்மாவின் தாய்வீடு

பம்னே படகுத்துறையில் அவரை எல்லோரும் கேக்யோங் அம்மா என்றுதான் சொல்வார்கள். தலைநகரமான கேக்யோங்கிலிருந்து வாழ வந்தவர், அரசரின் மகள். ஊருக்கு அவ்வளவுதான் தெரியும். அரசருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அரசருக்கே தெரியுமோ என்னவோ. மகள்களில் இவர் ஒன்பதாவதோ பத்தாவதோ. தகப்பனாரை நேருக்கு நேர் பார்த்ததே இரண்டு தடவைதான். அதில் ஒரு தடவை அரசர், பக்கத்தில் நின்றவரிடம் இது யார் பெற்ற பெண் என்று கேட்டாராம். இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னவர் கேக்யோங் அம்மாதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் கும்சில். அவருடைய தாயார் வீட்டில் அடிமைக்குப் பிறந்த அடிமை. அந்த வீடு அரண்மனைக்கு வெளியே மேற்குச் சந்தில் இருந்தது. தாயாரைப் பெரிய எஜமானி என்போம். அவர் ஒரு குதிரை வியாபாரியின் மகள். அரசர் படையோடு போகிற வழியில் அந்த வியாபாரியின் வீட்டில் ஓர் இரவு தங்கினார். விடிந்ததும் வியாபாரி நல்ல குதிரைகளோடு மகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். குதிரைகளை அரசர் அடிக்கடி போய்ப் பார்த்தார். எஜமானியை மேற்குச் சந்தில் வைத்துவிட்டு மறந்துபோனார். எஜமானிக்கு வாய் மட்டும் கடைசிவரை குதிரைச் சந்தை வாயாகவே இருந்தது.

துண்டு துண்டாகக் கிடந்த நாட்டை அரசர் அப்போது ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். சில துறைகளைக் கத்தியால் பிடித்தார். சில துறைகளுக்குப் பெண் கொடுத்தார். பெண் கொடுப்பதில் செலவு குறைவு. பம்னேவின் தலைவர் யோ சின்வோனிடம் உப்பளங்களும் படகுகளும் இருந்தன. அவர் மனது வைக்காமல் தெற்கிலிருந்து ஒரு மூட்டை அரிசி தலைநகருக்குப் போகாது. அவர் பணிந்து வந்ததும், அவருக்கு ஒரு மகளைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எந்த மகளை என்று தேடியபோது யாருக்கும் வேண்டாத மகள் ஒருத்தி மேற்குச் சந்தில் இருந்தாள்.

இதில் ஒரு சிக்கல். எங்கள் நாட்டில் கல்யாணமானால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது, எல்லாருமே வீட்டோடு மாப்பிள்ளைகள்தான். பிள்ளைகள் தாய்வீட்டில் பிறந்து, அந்த வீட்டுச் சோற்றைத் தின்று ஆளாவார்கள். அரசர் மகளைக் கட்டினால் சின்வோன் அரண்மனைக்குப் போக வேண்டும். போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். துறையை விட்டு ஓர் அடி நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அரண்மனையில் யோசித்தார்கள். பெண்ணை அங்கே அனுப்புகிறோம், ஆனால் முதல் ஆண் பிள்ளைக்குப் பால் பல் விழுந்ததும் அவன் வழக்கப்படி தாய்வீட்டுக்கு வந்து வளரவேண்டும் என்றார்கள். அதற்குப் பெயர் பிணை. தகப்பன் துள்ளினால் மகனின் கழுத்துக்குக் கத்தி. ஆனால் கல்யாணப் பேச்சில் பிணை என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். தாய்வீடு என்றே சொன்னார்கள், உத்தரவிலும் அப்படியே எழுதினார்கள். சின்வோனும் சரி என்றார். பிறக்காத பிள்ளையை யார்தான் நினைத்துப் பார்ப்பார்கள்?

இப்படித்தான் அவரோடு நானும் பம்னே வந்தேன். முதல் வருஷம் நன்றாக இல்லை. தலைவர் தன் மனைவியின் கை பட்ட எதையும் வாயில் வைக்க மாட்டார். அரசர் வீட்டுக் கையிலிருந்து விஷம் வரும் என்று யாரோ காதில் ஓதியிருந்தார்கள். ஊர்ப் பெண்களும் என்னைக் கிணற்றடியில் கண்டால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் காலையில் கேக்யோங் அம்மா தலைவருக்கு எதிரே போய் உட்கார்ந்தார். அவருடைய கிண்ணத்தை இழுத்து, தினைச் சோற்றில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை அவர் பக்கம் தள்ளினார்.

“மீதி உங்களுக்கு. சாயங்காலம் வரைக்கும் நான் உயிரோட இருந்தா நாளையிலேருந்து முழுசாச் சாப்பிடுங்க.”

தலைவர் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை, அங்கேயே சாப்பிட்டார். அவர்கள் குடித்தனம் அன்றைக்குத்தான் தொடங்கியது என்பேன். அதன் பிறகு அவர் படகில் போகும்போதெல்லாம் திரும்பி வந்ததும் முதலில் கேட்பது, உள்ளே என்ன சமைத்திருக்கிறாய் என்பதைத்தான்.

ஆண் பிள்ளை பிறந்தது. பேய் கண் வைக்காமலிருக்க எங்களில் குழந்தைக்கு அசிங்கமான பெயர் வைப்பார்கள். கேக்யோங் அம்மா தன் மகனுக்குக் கேத்தோங் என்று வைத்தார். நாய்ப்பீ என்று அர்த்தம். அரசரின் பேரனுக்கு இது அதிகம் என்று தலைவரே சொன்னார். பேய் மட்டுமல்ல, தலைநகரமும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகட்டும் என்றார் கேக்யோங் அம்மா.

தலைநகரம் போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்ததும் மின் என்ற அதிகாரி வருவார். மெலிந்த, மரியாதையான மனிதர். நல்ல தேநீர் குடித்து, அரசர் நலமாக இருக்கிறார் என்று சொல்லி, பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்ப்பார். பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டி வரும்போது மட்டும் இருமுவார். கேக்யோங் அம்மா பக்கத்தில் சிரித்த முகமாக நிற்பார். அதிகாரி படகேறியதும் உள்ளே போய்ப் படுத்துவிடுவார், அன்று முழுவதும் எழுந்திருக்க மாட்டார்.

ஒரு வருஷம் வேனிலில் கேத்தோங்கின் கீழ்ப்பல் ஆட ஆரம்பித்தது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. நாக்கால் தள்ளித் தள்ளி எல்லோருக்கும் காட்டினான். உப்பளத்துக்காரர்கள்கூடக் குனிந்து பார்த்து, இன்னும் கொஞ்சம்தான் என்று அவனை உற்சாகப்படுத்தினார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது. தலைவர் துறையை மூடிவிடுகிறேன், வருகிற படகைக் கொளுத்துகிறேன் என்று குதித்தார். மூடினால் படை வரும், படை வந்தால் முதலில் எரிவது உப்பளத்துக் குடிசைகள்தான் என்று கேக்யோங் அம்மா சொன்னார். பல்லை மறைக்கலாமே என்றேன் நான். விழுந்த பல்லை மறைக்கலாம், ஓட்டையை எப்படி மறைப்பது என்று என்னையே கேட்டார்.

வழி கிடைத்தது உப்பளத்தில். அங்கே ஒருவன் கல்யாணமாகி மாமியார் வீட்டில் இருந்துவிட்டு, அப்போதுதான் தனிக்குடிசை போட்டு மனைவியோடு வந்திருந்தான். ஆற்றில் வெள்ளம் வந்து மாமியார் வீடு போய்விட்டது. மாமியார் மூட்டையோடு அவன் குடிசைக்கு வந்து சேர்ந்தாள். நகராமலேயே மாமியார் வீட்டுக்குப் போனவன் என்று பெண்கள் அவனைக் கிண்டல் செய்தார்கள். அவன் மனைவியோ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எங்கம்மா இருக்கிற இடம்தான் என் தாய்வீடு, இனி நீ பார்த்து நடந்துகொள் என்று அவனை மிரட்டினாள். எல்லோரும் சிரித்தோம். கேக்யோங் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே தலைவர் தங்கள் முற்றத்துக்குத் தெற்கே சின்னதாக ஒரு வீடு எழுப்ப ஆட்களை இறக்கினார். நான் உப்புப் படகில் தலைநகருக்குக் கிளம்பினேன். தாயாரை எப்படியாவது அழைத்து வா என்பதுதான் எனக்கு இட்ட வேலை.

மேற்குச் சந்து வீட்டில் நான் பார்த்தது வேறொரு பெரிய எஜமானி. முகம் வற்றியிருந்தது, வயிறு மட்டும் வீங்கியிருந்தது. வயிற்றில் ஏதோ கட்டி. பைன் கொட்டைக் கஞ்சியில் நாலு வாய் இறங்கினால் பெரிய காரியம். இன்னும் சில நாளில் மலைக்கோயிலுக்குப் போய்ப் படுக்கப்போவதாகச் சொன்னார். எங்களில் நல்ல சாவு என்றால் கோயிலில் சாவதுதான். துறவிகள் ஓத, உடலை எரித்து, எலும்பைப் பொறுக்கிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த பிறவிக்கு அதுதான் சுத்தம். தன் தகனத்துக்கென்று எஜமானி வருஷக்கணக்காகத் துணி சேர்த்து வைத்திருந்தார். அரசரிடமிருந்து அவர் எதையும் எதிர்பார்த்ததில்லை, இந்த ஒன்றைத்தான் தனக்கென்று ஆசைப்பட்டார்.

அந்த நிலையில் அவரிடம் எதைச் சொல்வது? சொல்லாமல் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். என் முகத்தைப் பார்த்து அவரே தோண்டிக் கேட்டார். பல் ஆடுவதைச் சொன்னேன். வருஷா வருஷம் அதிகாரி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதையும் சொன்னேன்.

“எங்கப்பா குதிரைக்கு இப்படித்தான் பல்லப் பிடிச்சுப் பாப்பாரு,” என்றார். “ஏண்டி, நான் வர்ற வழியிலேயே செத்துட்டா?”

நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து நகர்த்தி வைத்தேன்.

“உப்புப் படகுதானே. நல்லாப் போட்டு மூடிக் கொண்டுபோயிடு.”

எனக்கு அழுகை வந்தது. அவர் என் முதுகில் ஒன்று வைத்து, அழுகிற நேரத்தில் மூட்டையைக் கட்டு என்றார். அரசரின் மனைவி, அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போக முடியாது. ஆனால் சாகப்போகிறவள் கோயிலுக்குப் போகிறேன் என்றால் எந்த வாயிற்காவலன் தடுப்பான்? கோயிலுக்கென்று பல்லக்கில் கிளம்பினோம். ஆற்றுமுகத்தில் வந்து படகேறினோம். அரண்மனையில் யாரும் அவரைத் தேடவில்லை, தேடுகிற அளவுக்கு யாருக்கும் அவர் நினைவில் இல்லை.

துறையில் மகள் காத்திருந்தார். தாயைப் படகிலிருந்து தூக்கி இறக்கியபோது அந்த எடை என்ன என்று அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்படி இருக்கிறாள் என்று ஏன் முன்னாலேயே ஆள் அனுப்பவில்லை, தெரிந்திருந்தால் வரவே சொல்லியிருக்க மாட்டேன் என்று அன்று இரவெல்லாம் என்னைத் திட்டினார். திட்டட்டும் என்று இருந்தேன். நான் இரண்டு பேருக்கும் அடிமை, யார் சொன்னதைக் கேட்பது?

புது வீட்டில் எஜமானியைப் படுக்க வைத்தோம். கேத்தோங் நாள் முழுவதும் அவர் படுக்கையிலேயே கிடந்தான். இரண்டு பேருக்கும் பேச்சு ஓயாது, எல்லாம் குதிரைப் பேச்சு, பாதி கெட்ட வார்த்தை. ஒருநாள் அவர் மடியில் உட்கார்ந்து அரிசிப் பணியாரம் கடிக்கும்போது பல் விழுந்தது. கேக்யோங் அம்மா ஓடிவந்து அதைப் பிடுங்கிக் கையில் மூடிக்கொண்டார். எஜமானி அதட்டினார்.

“குடு அவன்கிட்ட. எல்லாப் பிள்ளையும் கூரையில போடுது, இவன் மட்டும் என்ன பாவம் பண்ணினான்? இது தாய்வீட்டுக் கூரை. நல்லா வீசுடா.”

அவன் முற்றத்தில் நின்று, பழைய பல்லை எடுத்துக்கொண்டு புதுப் பல் கொடு என்று காக்கையின் சொந்தக்காரியான மாக்பை பறவையைக் கூப்பிட்டு, பல்லைக் கூரை மேல் எறிந்தான். எஜமானி கைதட்டினார். நான் அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தைப் பார்த்ததில்லை.

அதிகாரி வருகிற காலம் நெருங்கியது. அதுவரை தாய் இருப்பாரா என்பதுதான் எங்கள் எல்லோருடைய கவலையும். எஜமானிக்கு அந்தச் சந்தேகமே இல்லை. இருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு மத்தியானம் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்.

“என்னை எரிக்காதே.”

கேக்யோங் அம்மாவுக்குப் புரியவில்லை. கோயிலுக்குச் சொல்லி ஏற்பாடெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது, துறவிகள் தயார் என்றார்.

“எரிச்சா ஒரு பொட்டியில அடங்கிடுவேன் சின்னவளே. அந்த ஆள் வந்து, அரசர் மனைவியோட எலும்பு தலைநகரத்துலதான் இருக்கணும்னு பொட்டியத் தூக்கிட்டுப் போவான். பொட்டி போற இடத்துக்குப் பிள்ளையும் போகணும்பான். என்னை மண்ணுல போடு. மேல மேடு கட்டு. மேட்டைத் தூக்கிட்டுப் போக எவனாலயும் முடியாது.”

மகள் முடியாது என்றார். நீ உனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதானே, அதையும் நான் பிடுங்கிக்கொள்வதா என்று தாயின் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதார். எஜமானி வெகு நேரம் அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்த பிறவியில் குதிரையாகப் பிறந்தால்தான் என்ன, நல்ல வீடாகப் பார்த்துப் பிறந்துகொள்கிறேன் என்றார். மூன்றாம் நாள் விடியற்காலையில் கண்ணை மூடினார்.

பம்னே கோயில் துறவி ஒப்புக்கொள்ளவில்லை. புத்தரை நம்பியவளை, அதுவும் அரசர் மனைவியை, எரிக்காமல் புழுவுக்குக் கொடுப்பதா என்று கோபப்பட்டார். மகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரும் பேசியது. கேக்யோங் அம்மா யாருக்கும் எதையும் விளக்கவில்லை. புது வீட்டுக்குப் பின்னால் சரிவில் குழி வெட்டச் சொன்னார். மேடு எழும்ப எழும்ப அவரும் மடியில் மண் அள்ளிக் கொட்டினார். விரல் நகமெல்லாம் உடைந்து ரத்தம் கசிந்தது. நிறுத்துங்கள் என்று தலைவர் சொன்னபோது அவர் காதில் விழவே இல்லை.

புல் பிடிப்பதற்குள் அதிகாரி மின் வந்துவிட்டார். வீடு முழுக்கச் சணல் உடுத்தித் துக்கத்தில் இருப்பதைப் பார்த்து யார் போனது என்று விசாரித்தார். சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. அரசரின் மனைவி அங்கே எப்படி வந்தார் என்று கேட்க வாயெடுத்தார். கேட்டால், ஒரு மனைவி ஊரை விட்டுப் போனது அரண்மனைக்கே தெரியவில்லை என்று ஆகும், அதனால் கேட்கவில்லை. ஆனால் அரசரின் மனைவி கிடக்கிற மேட்டுக்கு முன்னால் வணங்காமல் நிற்க முடியாது. நெற்றி மண்ணில் பட விழுந்து வணங்கினார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டும்போது, மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து கேத்தோங் அவரைப் பார்த்துச் சிரித்தான். கீழே ஒரு பல் இல்லை.

நான் அவனை வீட்டுக்குள் துரத்தினேன். அதிகாரி பெருமூச்சு விட்டார். படகு தயாராக இருக்கிறது, பிள்ளையின் துணிமணிகளை எடுத்து வையுங்கள் என்றார். நான் கேக்யோங் அம்மாவின் பின்னால் நின்றேன். அவர் அதிகாரியைப் பார்த்துக் கேட்டார்.

“உத்தரவுல கேக்யோங்னு இருக்கா, தாய்வீடுன்னு இருக்கா?”

“தாய்வீடுன்னுதான் இருக்கு.”

“எங்கம்மா இங்கதான் இருக்காங்க. நீங்களே இப்ப வணங்கினீங்க. என் பிள்ளை அவங்க வீட்டுலதான் வளர்றான். இதுக்கு மேல அவனை எந்தத் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?”

எலும்பைத் தலைநகருக்கு எடுத்துப் போகலாம் என்று அதிகாரி மெல்ல ஆரம்பித்தார். எரிக்கவில்லை, முழு உடல் உள்ளே இருக்கிறது, அரசரின் மனைவியைத் தோண்டி எடுக்க உத்தரவு உண்டா என்று தலைவர் கேட்டார். அந்த ஒரு கேள்வியைத் தவிர அன்று முழுவதும் தலைவர் வாயைத் திறக்கவில்லை, இடுப்பில் இருந்த கத்தியிலிருந்து கையையும் எடுக்கவில்லை. அதிகாரி இரண்டையும் கவனித்தார். அவரும் தன் அம்மாவின் தாய்வீட்டுச் சோற்றில் வளர்ந்தவர்தானே. பிள்ளை உத்தரவுப்படி தாய்வீட்டில் வளர்கிறான் என்று அரசரிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். பொய்யில்லை. பிணை என்று சொல்லக் கூச்சப்பட்டவர்களால் இப்போது பிணை எங்கே என்று கேட்க முடியவில்லை. அவர்களுடைய அந்தக் கூச்சத்தில்தான் என் எஜமானியின் பேரன் பிழைத்தான்.

படகு கண்ணுக்கு மறையும்வரை கேக்யோங் அம்மா நின்றுகொண்டிருந்தார். பிறகு மேட்டில் போய் விழுந்தார். “என் பிள்ளைக்காக உன்னை வித்துட்டேனே,” என்று சொல்லிச் சொல்லி அழுதார். யாராலும் அவரைத் தூக்க முடியவில்லை.

தலைநகரத்திலிருந்து பதில் வந்தது. பிள்ளை அங்கேயே இருக்கட்டும், அப்படியானால் தாயும் அந்தத் தாய்வீட்டை விட்டு எங்கும் போகக்கூடாது. போனால் உத்தரவு மறுபடி உயிர் பெறும். அந்த அரசர் செத்தார், அடுத்தவர் வந்தார், இந்தச் சொல்லை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை. கேக்யோங் அம்மா பம்னேவின் எல்லைக் கல்லைத் தாண்டியதில்லை. அடுத்த துறையில் விளக்குத் திருவிழா என்றால்கூடத் தலைவர் தனியாகத்தான் போவார். இதெல்லாம் பிள்ளைக்குத் தெரியவே கூடாது என்று கேக்யோங் அம்மா எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, அதனால் படகேற மாட்டார் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பாட்டி தன்னைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தாள், வந்த இடத்தில் இறந்தாள் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த கதை.

அவன் வளர்ந்து, உப்புப் படகுகளோடு போய்வந்துகொண்டிருந்தான். ஒரு வசந்தத்தில் திரும்பி வந்து, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றான். பெண் காகிதம் செய்கிற வீட்டுப் பெண். வீடு எங்கே என்று கேட்டோம். கேக்யோங்கில் என்றான். வழக்கப்படி அவன் பெண் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

தலைவர் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். அவர் எழுந்து சமையற்கட்டுக்கு வந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக என் தோளில் சாய்ந்தார்.

“இதுக்காடி எங்கம்மா மண்ணுல கிடக்கறா?”

எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. இழுத்துக்கொண்டு போவது வேறு, இவன் பெண்ணைப் பார்த்து இளித்துக்கொண்டு போகிறான், இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். அவர் அன்றே மகனுக்குத் துணி மடிக்க ஆரம்பித்தார்.

கிளம்புகிற நாளில் அவன் மேட்டில் விழுந்து வணங்கிவிட்டுத் துறைக்கு வந்தான். கேக்யோங் அம்மா அவன் சட்டை நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

“நினைச்சா எப்ப வேணும்னாலும் இங்க வரலாம்ல?”

“எப்ப வேணும்னாலும் வரலாம்மா. யாரு தடுப்பா?”

அவர் நாடாவைப் பிடித்தபடியே நின்றார். “இன்னொரு தடவை சொல்லு,” என்றார்.

அவனுக்கு ஏன் என்று புரியவில்லை. என்னைப் பார்த்தான், நான் கடலைப் பார்த்தேன். அம்மா கேட்கிறாளே என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு அவன் படகில் ஏறினான்.